கிற்றார் விரியலாக்கிக்கு நிலைமாற்றி தெரிதல்

மின்கிற்றார் வாசிப்போருள் சிலர் தமக்கு வேண்டிய விரியலாக்கியைத் தம் கையாலேயே கட்டிக்கொள்ள விரும்புகின்றனர். அம்பிளிபயர் என்று வழக்கிற் சொல்லப்படும் கருவியையே விரியலாக்கி என்கிறோம். திரான்சிற்றர்கள் வந்து பல பத்தாண்டுகள் கழிந்துவிட்டன. வானொலிப் பெட்டியும் தொலைக்காட்சிப் பெட்டியும் வால்வைக் கைவிட்டு நெடுங்காலமாயிற்று. கிற்றார்க்காரர் மட்டும் வால்வை விட்டுப் பிரிய மனங்கொள்ளவில்லை. பெரும்பாலும் அவர்களுடைய தேவையை நம்பியே இன்றும் சிலோவாக்கியா முதலிய நாடுகளில் வால்வுகள் செய்யப்படுகின்றன.

இவ்வாறு கட்டப் புகுவோர் முதலிலே தேடுவது வால்வுகளைத்தான். எந்த நாட்டிற் செய்தது நல்லது, எந்த ஆண்டில் வந்தது இனிமையானது என்று ஊரெல்லாம் விசாரிப்பார்கள். அடுத்துக் கொள்ளளவிகளைப் பற்றிய விசாரணை நடக்கும். எல்லாம் சேர்ந்த பின்னர், அடித்தட்டில் எவ்வளவு இடம் மீந்திருக்கிறது என்று பார்த்து, அதற்குள் அடங்கும் நிலைமாற்றி ஒன்றைக் கடையில் வாங்கி வருவார்கள். நிலைமாற்றி என்பது நாம் றான்ஸ்போமர் என்று சொல்லும் கனத்த இரும்புப் பொருள்தான். இந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து. ஒரு வால்வைக் கழற்றி வேறொன்றை மாட்ட அரை நிமிடம் போதும். தடையி ஒன்றை மாற்ற ஈயப் பற்றுக்கோல் ஒன்றும் சிறிது பொறுமையும் போதும். நிலைமாற்றியை மாற்றுவதென்றாலோ தட்டிலே புதிதாகத் துளையிட வேண்டும். கம்பிகளையெல்லாம் அவிழ்க்க வேண்டும். முதலில் வாங்கியதற்குக் கொடுத்த பணமும் வீணாகும். கருவியின் நிறையிலும் செலவிலும் பெரும்பங்கு அதனுடையதே. ஆகவே முதலில் நிலைமாற்றியைத் தீர்மானித்து, மற்றவற்றை அதற்கு இசைய அமைப்பதே முறை.

கிற்றார் விரியலாக்கியில் நிலைமாற்றிகள் இரண்டு உண்டு. ஒன்று சுவரிலிருந்து வரும் மின்சாரத்துக்கும் வால்வுகளுக்கும் இடையே நிற்பது; இதனை மின்வழங்கல் நிலைமாற்றி என்போம். மற்றது வால்வுகளுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே நிற்பது. இது வெளியீட்டு நிலைமாற்றி. வீட்டுக்கு வாசற்கதவும் கொல்லைக்கதவும் போல இவை அமைந்திருக்கின்றன. வாசலுக்கு அப்பாலுள்ள வீதி நாம் அமைத்ததன்று. இலங்கையில் சுவரிலிருந்து வருவது 230 வோல்ற்று. செக்கனுக்கு 50 முறை ஆடும் ஆடலோட்டம். கொல்லைக்கு அப்பாலுள்ள ஒலிபெருக்கியும் செய்தவர் விதித்த தன் இயல்போடுதான் வருகிறது. இவ்விரண்டு எல்லைகளையும் முதலிற் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு நடுவே வால்வுகளை வைத்து எண்ணினால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வானொலிப் பெட்டியின் விரியலாக்கிக்கும் கிற்றாரின் விரியலாக்கிக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். வானொலியின் விரியலாக்கி பாடுபவர் குரலை உள்ளபடி கொண்டுவந்து சேர்க்க வேண்டும். தன் குரலைக் கலக்கக் கூடாது. கிற்றார் விரியலாக்கியோ வீணைக்குக் குடம் போன்றது. தந்தி எழுப்பும் ஒலிக்கு உடல் கொடுப்பது அதுதான். வால்வு தன் எல்லையை எட்டி ஒலி சற்றே முறியும் நிலையைக் கிற்றார்க்காரர் விரும்பித் தேடுகின்றனர். ஆகவே வானொலிப் பொறியியலாளர் குறையென்று கழிக்கும் ஒன்று, இங்கே குணமென்று போற்றப்படலாம்.

நிலைமாற்றி ஒரு கருவியின் குரலை எவ்வளவு தூரம் மாற்ற வல்லது என்பதற்கு ஒரு வரலாறு சான்றாக இருக்கிறது. அமெரிக்காவில், கலிபோர்ணியாவின் புலர்ட்டன் நகரில் 1938இல் வானொலி திருத்தும் கடை ஒன்றைத் தொடங்கினார் லியோ பெண்டர் என்பவர். பின்னர் அவர் கிற்றார்களும் அவற்றுக்கான விரியலாக்கிகளும் செய்து பெயர்பெற்றார். அவருடைய விரியலாக்கிகளுள் 1950களின் இறுதியில் வெளிவந்த பேஸ்மன் என்பது மிகவும் புகழ்பெற்றது. அது 5881 என்னும் வகையைச் சேர்ந்த வலு வால்வுகள் இரண்டைக் கொண்டது. பின்புறம் திறந்த பெட்டியில் பத்து அங்குல ஒலிபெருக்கிகள் நான்கு பூட்டப்பட்டிருந்தன. அந்நான்கும் சமாந்தரமாகத் தொடுக்கப்பட்டமையால் நிலைமாற்றிக்குத் தெரிந்த தடங்கல் 2 ஓம் மட்டுமே.

இலண்டனின் மேற்குப் பகுதியான ஹான்வெல்லில் ஜிம் மார்ஷல் என்னும் மத்தள ஆசிரியர் 1960இல் இசைக்கருவிக் கடை ஒன்றைத் திறந்தார். அமெரிக்க விரியலாக்கிகள் இங்கிலாந்தில் விலை மிகுந்தவை. கடைக்கு வந்துபோன இளைஞர்கள், அதே தரத்தில், தங்கள் கைக்கு எட்டும் விலையில் ஒன்று வேண்டுமென்று கேட்டார்கள். மார்ஷலின் கடையிற் பணிபுரிந்த கென் பிரான், அவருடைய இளம் துணைவர் டட்லி கிறேவன் ஆகியோர் பேஸ்மனின் சுற்றையே பெரும்பாலும் பின்பற்றி 1962இல் ஒரு விரியலாக்கியைக் கட்டினர். ஜே.ரீ.எம். 45 என்று பின்னர் அழைக்கப்பட்டது இதுதான். அப்பெயரில் உள்ள எழுத்துகள் ஜிம்மையும் அவர் மகன் ரெரியையும் குறிப்பவை.

சுற்று ஒன்றாக இருந்தும் குரல் ஒன்றாக அமையவில்லை. காரணம் அவர்களுக்குக் கிடைத்த பொருள்கள். அமெரிக்காவின் மின்சாரம் ஏறக்குறைய 117 வோல்ற்று, செக்கனுக்கு 60 ஆட்டம். இங்கிலாந்தில் அப்போது 240 வோல்ற்று, 50 ஆட்டம். ஆகவே பெண்டரின் மின்வழங்கல் நிலைமாற்றி அங்கே பயன்படாது. வெளியீட்டு நிலைமாற்றிக்கு அவர்கள் றேடியோஸ்பெயர்ஸ் என்ற நிறுவனத்தை நாடினர். வானொலி திருத்துவோருக்கு உதிரிப் பாகங்கள் வழங்கி வந்த நிறுவனம் அது. அவர்கள் எடுத்துப் பூட்டியது இசைத்தட்டுக் கேட்போருக்கென்று செய்யப்பட்ட நிலைமாற்றி. கிற்றாரை நினைத்து எவரும் அதனைச் சுற்றவில்லை. வலு வால்வுகளாகச் சிறிது காலத்தின் பின் இங்கிலாந்திற் செய்த கே.ரீ. 66 வந்தது. ஒலிபெருக்கிகளோ செலஸ்ரியன் நிறுவனத்தின் பன்னிரண்டு அங்குலத்தவை நான்கு. பெட்டியும் பின்புறம் மூடப்பட்டது.

இதில் ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. இவ்வகைச் சுற்றில் வெளியீட்டின் ஒரு சிறு பகுதி முன்னைய படிக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது. பின்னூட்டல் என்று இதற்குப் பெயர். பேஸ்மனில் அது 2 ஓம் முனையிலிருந்து எடுக்கப்பட்டது. ஜே.ரீ.எம். 45இல் அதே அளவுத் தடையியின் வழியே, 16 ஓம் முனையிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரே வலுவுக்கு 16 ஓமில் தோன்றும் அழுத்தம் 2 ஓமில் தோன்றுவதைப்போல ஏறக்குறைய 2.8 மடங்கு. ஆகவே திரும்பிச் சென்ற பின்னூட்டலும் அவ்வளவுக்குக் கூடியது. ஒலியின் இயல்பும் மாறியது. வரைபடத்திலே ஒரு கோடும் மாறாதது போலத் தோன்றும். நிலைமாற்றியில் எந்த முனை என்பது மட்டுமே மாறியிருக்கும். கிடைத்ததைக் கொண்டு கட்டியதனால் பிறந்த அக்குரலை அடுத்த பத்தாண்டுகளில் உலகமெங்கும் உள்ள கிற்றார்க்காரர் தேடி வாங்கினர்.

இனி, வெளியீட்டு நிலைமாற்றியைத் தெரியும் முறையைப் பார்ப்போம். பெரிய விரியலாக்கியை விட்டு, வீட்டிலே கட்டத் தக்க நடுத்தரமான ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெண்டரின் டீலக்ஸ் என்ற மாதிரி 1950களின் பிற்பகுதியில் வந்த வடிவிலே, 6வீ6 வால்வுகள் இரண்டும் 5வை3 என்ற சீராக்கி வால்வு ஒன்றும் கொண்டது. பன்னிரண்டு அங்குல ஒலிபெருக்கி ஒன்று. தடங்கல் 8 ஓம். பன்னிரண்டு உவாற்று அளவில் வலுத் தரும். ஓர் அறைக்கு இது தாராளம்; அயலவர் பொறுமைக்கும் இதுவே எல்லையென்று சொல்லலாம்.

வால்வு உயர்ந்த அழுத்தத்திற் சிறிய மின்னோட்டத்தைத் தருவது. ஒலிபெருக்கி கேட்பதோ தாழ்ந்த அழுத்தத்திற் பெரிய மின்னோட்டம். இருவருக்கும் நடுவே நின்று பேச்சுத் தீர்ப்பதே வெளியீட்டு நிலைமாற்றியின் வேலை. 6வீ6 இரண்டுக்கும் ஓர் அனோட்டிலிருந்து மற்ற அனோட்டு வரை 8000 ஓம் அளவிலான சுமை பொருந்தும். ஒலிபெருக்கி 8 ஓம். ஆகவே தடங்கல் விகிதம் ஆயிரத்துக்கு ஒன்று. சுற்றுகளின் விகிதமோ அதன் வர்க்கமூலம். அதாவது ஏறக்குறைய 31.6க்கு ஒன்று.

நிலைமாற்றியின் மேல் 8000 ஓம் என்று எழுதியிருப்பதைப் பலர் அதற்குள்ளேயே இருக்கும் ஒரு குணம் என்று கருதுகின்றனர். அது தவறு. நிலைமாற்றிக்குச் சொந்தமானது விகிதம் மட்டுமே. அதே 8 ஓம் முனையில் 16 ஓம் ஒலிபெருக்கியைத் தொடுத்தால் வால்வுகளுக்குத் தெரிவது 16000 ஓம். 4 ஓமைத் தொடுத்தால் 4000 ஓம். கடையில் நிற்கும்போது இந்த ஒன்று நினைவில் இருந்தால், கைக்குக் கிடைக்கும் பல நிலைமாற்றிகள் பயன்படத் தக்கவையாகத் தோன்றும். 16000 ஓமுக்கு 16 ஓம் என்று எழுதிய ஒன்று, உங்கள் 8 ஓம் ஒலிபெருக்கியோடு சேர்ந்து நீங்கள் தேடிய 8000 ஓமையே தரும். ஆனால் அது தாங்கும் வலுவும் இறங்கக்கூடிய தாழ்ந்த சுரமும் உங்கள் தேவைக்குப் போதுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, ஒற்றை வால்வா இரட்டை வால்வா என்பது. ஒரே 6வீ6 கொண்டு 5 உவாற்று அளவிற் கட்டப்படும் சிறு விரியலாக்கியே முதன்முதலிற் கட்டுபவர்க்கு ஏற்றது என்பர் பலர். சுற்று எளிது என்பது உண்மை. ஆனால் நிலைமாற்றி எளிதன்று. ஒற்றை வால்வின் நேரோட்டம் முழுவதும், ஏறக்குறைய 45 மில்லி அம்பியர், முதற்சுருளின் வழியே ஓயாது ஓடி இரும்பு அகணியை ஒரு பக்கமாகக் காந்தமாக்குகிறது. அதனைத் தாங்கும்படி அகணியின் தகடுகளுக்கிடையே சிறு வளி இடைவெளி விட்டுச் செய்திருக்க வேண்டும். இரும்பும் கூடுதலாக வேண்டும். இரட்டை வால்வு அமைப்பிலோ இரு பாதிகளிலும் எதிரெதிராக ஓடும் நேரோட்டங்களின் விளைவு ஒன்றையொன்று அழித்துவிடும், இடைவெளி வேண்டியதில்லை. ஆகவே இரட்டை வால்வுக்கென்று செய்ததை ஒற்றை வால்வுக்குப் போட்டால் அகணி காந்தத்தால் நிரம்பித் தாழ்ந்த சுரங்கள் மெலிந்து கலங்கும்.

எவ்வளவு பெரிய இரும்பு வேண்டும்? இது பணத்தைப் பற்றிய கேள்வியும் ஆகும். 1947இல் வில்லியம்சன் என்ற பொறியியலாளர் வயர்லெஸ் வேள்ட் என்ற ஆங்கில ஏட்டிலே ஒரு விரியலாக்கியை வெளியிட்டார். இசையை உள்ளபடி கேட்க விரும்புவோர் பல நாடுகளில் அதனைப் பின்பற்றிக் கட்டினர். அவர் பயன்படுத்தியதும் கே.ரீ. 66 வால்வுகளே, 15 உவாற்று. அதன் வெளியீட்டு நிலைமாற்றிக்கு முதற்சுருளின் தூண்டற்றிறன் 100 என்றிக்குக் குறையக் கூடாது என்று அவர் விதித்தார். அத்தகைய நிலைமாற்றி பெரிதாகவும் விலை கூடியதாகவும் இருப்பதில் வியப்பில்லை. கிற்றாருக்கு இது வேண்டுமா? கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி செக்கனுக்கு ஏறக்குறைய 82 முறை அதிர்வது. 8000 ஓம் சுமையில், அந்த மீடிறனிலே சுருளின் தடங்கல் சுமைக்குச் சமமாக இருக்க 15 என்றி அளவே போதும். மேலே ஏறினாலோ கிற்றாருக்குரிய ஒலிபெருக்கி 5000க்கு அப்பால் விரைவாக ஓய்ந்துவிடும். ஆகவே இசைத்தட்டுக் கேட்போருக்கென்று செய்த விலையுயர்ந்த நிலைமாற்றியைக் கிற்றாருக்கு வாங்குவதிற் பெரும்பாலும் பயனில்லை. மார்ஷல் கடையார் அதனைப் பூட்டியது, கையிற் கிடைத்தது அதுவாக இருந்தமையால்.

பேஸ் கிற்றார் வாசிப்பவருக்கு இந்த ஆறுதல் இல்லை. அதன் தாழ்ந்த தந்தி 41 முறை அதிர்வது, பாதி மீடிறன். அதே வலுவை அதே சுற்றுகளோடு பாதி மீடிறனிற் கடத்தினால் அகணியிற் காந்தப் பாயம் இரு மடங்காகும். அதற்கு இரும்பைக் கூட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. நிலைமாற்றி வாங்கும்போது எத்தனை உவாற்று என்று மட்டும் கேளாது, எந்த மீடிறனில் அத்தனை உவாற்று என்றும் கேட்க வேண்டியது இதனாலேதான்.

வாசற்கதவுக்கு வருவோம். மின்வழங்கல் நிலைமாற்றி மூன்று பணிகளைச் செய்கிறது: வால்வுகளின் சூடேற்றிகளுக்கு 6.3 வோல்ற்றும், சீராக்கி வால்வுக்கு 5 வோல்ற்றும், அனோட்டுகளுக்கு உயர்ந்த அழுத்தமும் தருவது. இவற்றோடு நான்காவது பணி ஒன்றும் உண்டு. அதனைப் பின்னர் சொல்கிறேன்.

சூடேற்றிக் கணக்கு எளிது. 6வீ6 ஒன்றுக்கு 0.45 அம்பியர், இரண்டுக்கு 0.9. முன்படியில் உள்ள ஈ.சீ.சீ. 83 போன்ற சிறு வால்வு ஒன்றுக்கு 0.3, இரண்டுக்கு 0.6. கூட்டினால் 1.5 அம்பியர். 2 முதல் 3 அம்பியர் வரை தாங்கும் சுருள் இருந்தால் கவலையில்லை. பின்னொரு நாளில் பெரிய வால்வுகளுக்கு மாற எண்ணுபவர் இங்கேதான் தடுக்கி விழுவது. 5881 ஒன்று 0.9 அம்பியர் கேட்கும், கே.ரீ. 66 ஏறக்குறைய 1.3; ஈ.எல். 34 ஒன்றரை. ஓர் இணைக்கு 3 அம்பியர் என்றாகிவிடும். குதை பொருந்துகிறது என்பதற்காகச் சிறிய சுருளின் மேல் இந்தச் சுமையை ஏற்றினால், சில மணி நேரத்தில் நிலைமாற்றி கருகும் மணமே உங்களுக்கு அறிவிக்கும்.

உயர் அழுத்தச் சுருள் 325-0-325 என்று குறிக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுமுனையிலிருந்து இரு பக்கமும் 325 வோல்ற்று என்பது பொருள். சீராக்கி, கொள்ளளவி ஆகியவற்றின் வழியே வரும்போது இது உச்ச அழுத்தத்தை நோக்கி ஏறும், 325ஐ 1.414 ஆற் பெருக்கினால் 459 வோல்ற்று. ஆயினும் 5வை3 வால்வு தன் பங்காக ஐம்பது வோல்ற்று அளவில் எடுத்துக்கொள்ளும். சுருளின் தடையும் சிறிது உண்ணும். முடிவில் வால்வுகளுக்குக் கிட்டுவது 350க்கும் 370க்கும் இடையில். சீராக்கி வால்வுக்குப் பதிலாகச் சிலிக்கன் இருவாயிகளைப் போட்டால் அந்த ஐம்பதும் மீண்டு வந்து 6வீ6 வால்வுகளை வருத்தும். வால்வுகள் சூடேறும் முன்னர் 459 வோல்ற்றும் கொள்ளளவிகளின் மேல் நேரே விழும். 450 வோல்ற்றுக் கொள்ளளவிகள் இதற்குப் போதா. சுவரில் அழுத்தம் 240க்கு ஏறும் நாளில் அது 479 ஆகும் என்பதையும் எண்ணி, 500 வோல்ற்று தாங்குபவற்றையே வாங்க வேண்டும்.

மின்னோட்டக் கணக்கில், இரண்டு 6வீ6க்கும் 80 மில்லி அம்பியர், முன்படிக்குச் சில மில்லி அம்பியர். ஆகவே 100 அல்லது 120 மில்லி அம்பியர் போதுமானது. ஆனால் அட்டவணையிற் காட்டிய எண் சீராக்கிய பின் எடுக்கும் நேரோட்டத்தைக் குறிக்கிறதா, சுருளில் ஓடும் ஆடலோட்டத்தைக் குறிக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டே தீரவேண்டும். இரண்டும் ஒன்றல்ல. செய்தவர்கள் எல்லோரும் ஒரே வழக்கைக் கைக்கொள்வதுமில்லை.

நம்மவர்க்கு மிகுந்த இழப்பை உண்டாக்குவது அமெரிக்க நிலைமாற்றியின் மீடிறன். விலை மலிவென்று 115 வோல்ற்று, 60 ஆட்டம் என்று குறித்த ஒன்றை வருவித்து, 230ஐ 115 ஆகக் குறைக்கும் சாதனம் ஒன்றின் வழியே இணைத்துவிடலாம் என்று சிலர் கருதுகின்றனர். அச்சாதனம் அழுத்தத்தைக் குறைக்கும், மீடிறனைத் தொடாது. 60க்கென்று சுற்றிய அகணியில் 50 ஆட்டம் ஓடினால் காந்தப் பாயம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். தாராளமாக இரும்பு வைத்த நிலைமாற்றி இதனைத் தாங்கும். சிக்கனமாகச் செய்தது இரைந்து சூடேறும். மறுதலையாக, 50க்கென்று செய்தது 60இல் எவ்வித இடருமின்றி ஓடும். கனடாவின் ஹமண்ட் நிறுவனம் போன்றோர் 100 முதல் 240 வோல்ற்று வரை பல முனைகள் வைத்து, 50க்கும் 60க்கும் பொருந்தும் நிலைமாற்றிகளை ஒரு தனி வரிசையாகச் செய்கின்றனர். அதே நிறுவனத்தின் வேறொரு வரிசை வட அமெரிக்காவுக்கு மட்டும் உரியது. பெட்டியின் மேலுள்ள எண்ணை வாசித்தே வாங்க வேண்டும்.

உள்ளூரிற் சுற்றுவிப்பது இன்னொரு வழி. மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் கடைகள் பல ஊர்களில் உள்ளன. மேலே சொன்ன விரியலாக்கிக்கு 75 வோல்ற்று-அம்பியர் அளவில் வேண்டும். அதற்கு நடுக்கால் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 10 சதுர சென்ரிமீற்றர் உள்ள அகணி போதும். 50 ஆட்டத்தில், 1.2 தெஸ்லா பாய அடர்த்திக்கு, ஒரு வோல்ற்றுக்கு 3.75 சுற்று என்று கணக்கு வரும். அதாவது 230 வோல்ற்றுக்கு 863 சுற்று, 6.3 வோல்ற்றுக்கு, சுமையில் விழுவதையும் சேர்த்து, 25 சுற்று. கம்பி சுற்றுபவருக்கு இது புதுமையன்று. உயர் அழுத்தச் சுருளிலே படைக்குப் படை காவலித் தாள் வைக்கும்படியும், முடிவில் வார்ணிசில் அமிழ்த்தி உலர்த்தும்படியும் வற்புறுத்திச் சொல்லுங்கள். மோட்டாருக்கு இவ்வளவு கவனம் வேண்டியதில்லையே என்று அவர் சொல்லக்கூடும். நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம். வெளியீட்டு நிலைமாற்றியை மட்டும் இவ்வாறு சுற்றுவிக்க நான் சொல்லமாட்டேன். அதிலே முதற்சுருளையும் துணைச்சுருளையும் பகுதி பகுதியாக ஒன்றினுள் ஒன்று இடைசெருகிச் சுற்ற வேண்டும். அது தனித் தொழில்.

பழைய வானொலிப் பெட்டியிலிருந்து எடுப்பது எல்லோருக்கும் தோன்றும் எண்ணம். அதிலுள்ள வெளியீட்டு நிலைமாற்றி பெரும்பாலும் ஒற்றை வால்வுக்குரியது; சிறிய விரியலாக்கிக்குப் பயன்படலாம். விகிதம் தெரியாவிட்டால், ஏறக்குறைய 30 வோல்ற்று ஆடலோட்டத்தை முதற்சுருளிற் கொடுத்து, மறுபக்கத்தில் அளந்து பாருங்கள். 0.95 வோல்ற்று வந்தால் விகிதம் 31.6, வர்க்கித்தால் ஆயிரம், 8 ஓம் ஒலிபெருக்கியோடு 8000 ஓம். இதனை மாற்றிச் செய்யக் கூடாது. ஒலிபெருக்கிப் பக்கத்தில் 6.3 வோல்ற்றைக் கொடுத்தால் மறுபக்கத்தில் 200 வோல்ற்றளவு எழுந்து விரலைத் தாக்கும்.

பழைய வானொலிகளுள் ஒரு வகையைத் தொடவே வேண்டாம் என்பேன். ஏ.சீ.-டீ.சீ. செற் என்று அழைக்கப்பட்டவை அவை. மின்வழங்கல் நிலைமாற்றியே அவற்றில் இல்லை. வால்வுகளின் சூடேற்றிகளைத் தொடராக இணைத்துச் சுவரின் மின்சாரத்தோடு நேரே தொடுத்திருப்பார்கள். செருகியைத் திருப்பிச் செருகினால் உலோக அடித்தட்டே உயிர்க்கம்பியாகிவிடும். வானொலிக்கு மரப்பெட்டியும் காவலிக் குமிழ்களும் இருந்தமையால் கேட்பவர் தப்பினார். அமெரிக்காவிற் சில மலிவான கிற்றார் விரியலாக்கிகளும் அக்காலத்தில் இம்முறையிற் செய்யப்பட்டன. கிற்றாரின் தந்திகளோ கம்பிவடத்தின் வழியே அடித்தட்டோடு தொடுக்கப்பட்டவை. வாசிப்பவர் அவற்றைக் கையாற் பற்றியிருக்கிறார். சிமெந்துத் தரையில் வெறுங்காலோடு நிற்கவுங்கூடும். மின்வழங்கல் நிலைமாற்றியின் நான்காவது பணி இதுதான். முதற்சுருளுக்கும் துணைச்சுருளுக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லாமையால், வாசிப்பவரைச் சுவரிலிருந்து அது பிரித்து வைக்கிறது.

அதனோடு புவித்தொடுப்பும் கட்டாயம் வேண்டும். மூன்று முனைச் செருகியின் புவிக்கம்பியை அடித்தட்டிலே தனி ஆணியில் இறுக்க வேண்டும். உயிர்க்கம்பியில் உருகி இருக்க வேண்டும். 1972 மே மாதத்தில், வேல்சு நாட்டின் சுவான்சீ நகரில், லெஸ் ஹாவி என்ற கிற்றார்க் கலைஞர் மேடையில் ஒலிவாங்கியைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். ஒரு கையில் கிற்றார். மற்றக் கை தொட்ட ஒலிவாங்கிக்குப் புவித்தொடுப்புச் சரியாக இல்லை. ஒரு கருவி சரியாக இருந்தும் மற்றது சரியில்லாவிட்டால் இப்படி நேரலாம். ஆகவே மேடைக்குப் போகும் கருவிகள் அனைத்தையும் சோதிக்க வேண்டும்.

மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் கொள்ளளவிகளில் உயர் அழுத்தம் தங்கியிருக்கும். ஒரு தடையியின் வழியே அதனை வடித்து, மானியில் அளந்து பார்த்த பின்னரே உள்ளே கை வைக்கலாம்.

ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு வால்வு விரியலாக்கியை உரக்க ஓட்டுதல் ஆகாது. சுமை இல்லாத முதற்சுருளில் அழுத்தம் பன்மடங்காக எழுந்து காவலித் தாளைத் துளைத்துவிடும். திரான்சிற்றர்க் கருவிகளிற் பழகியவர், முனைகள் ஒன்றோடொன்று தொட்டுவிடுவதற்கே அஞ்சுவர். வால்வுக் கருவியில் அஞ்ச வேண்டியது முனை திறந்து கிடப்பதற்கு. பெண்டர் இதனை அறிந்து, ஒலிபெருக்கிச் செருகியை இழுத்தால் வெளியீடு தானாகவே குறுக்கே மூடிக்கொள்ளும் குதையைப் பொருத்தினார். வீட்டிற் கட்டுபவரும் அவ்வகைக் குதையை வாங்குவது நல்லது.

நிலைமாற்றிகளை அடித்தட்டில் எங்கே அமர்த்துவது என்பது எஞ்சியிருக்கிறது. மின்வழங்கல் நிலைமாற்றியிலிருந்து கசியும் காந்தப் புலம் வெளியீட்டு நிலைமாற்றியைத் தொட்டால் ஓயாத இரைச்சல் கேட்கும். ஆகவே இரண்டையும் தூரத்தில் வைத்து, சுருள்களின் அச்சுகள் செங்குத்தாக அமையும்படி திருப்ப வேண்டும். துளையிடும் முன் ஒரு சோதனை செய்யலாம். மின்வழங்கல் நிலைமாற்றியின் உயர் அழுத்த முனைகளையெல்லாம் நன்றாக மூடி, அதற்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். வெளியீட்டு நிலைமாற்றியை எதனோடும் இணையாது, அதன் ஒலிபெருக்கிப் பக்கத்தில் ஒரு காதொலிப்பானைத் தொடுத்துத் தட்டின் மேல் நகர்த்தியும் திருப்பியும் கேளுங்கள். ஓரிடத்தில் இரைச்சல் அநேகமாக மறைந்துவிடும். அங்கே பென்சிலாற் குறியிடுங்கள். சில பாகை திருப்பினாலே எவ்வளவு வேறுபாடு என்பது கேட்பவருக்கு வியப்பாக இருக்கும்.

கட்டி முடித்து முதன்முதல் மின்சாரம் கொடுக்கும்போது, 60 உவாற்று இழைக்குமிழ் ஒன்றை உயிர்க்கம்பியிலே தொடராக வையுங்கள். இக்கால எல்.ஈ.டீ. விளக்கு இதற்கு உதவாது. ஒலிபெருக்கி தொடுக்கப்பட்டிருக்க வேண்டும். வால்வுகள் குதையில் இருக்கக் கூடாது. குமிழ் ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் நிலைமாற்றி நலமாயிருக்கிறது. ஒளிர்ந்தபடியே நின்றால் எங்கோ குறுக்குச்சுற்று உண்டு. நலமென்று கண்டபின் மின்சாரத்தை நிறுத்தி, குமிழை நீக்கி, வால்வுகளை மாட்டி, மீண்டும் கொடுங்கள். சூடேற்றி முனைகளில் மானியை வையுங்கள். 5.7 வோல்ற்றுக்கும் 6.9 வோல்ற்றுக்கும் இடையில் நின்றால் வால்வுகள் ஏற்கும். அதற்கு மேலே காட்டினால், நிலைமாற்றியின் முதற்சுருளில் 240 வோல்ற்று என்று குறித்த முனை இருக்கிறதா என்று பார்த்து, சுவர்க்கம்பியை அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.